பூட்டிய வாசலுக்கு ஒரு பொட்டு

எங்கள் தெருவில் தற்செயலாக எதுவும் நடப்பதில்லை. இது என் கருத்து இல்லை, மூன்றாவது வீட்டு ஜெயம்மா அத்தையின் கருத்து. மதியம் சீரியல் ஓடும்போது கரண்ட் போனால் லைன்மேன் வேணும்னே எடுத்துவிட்டான். புத்தூர் பஸ் அவர் கை காட்டிய இடத்தைவிடப் பத்தடி தள்ளி நின்றால், இந்த வயதில் அவர் எப்படி ஓடுகிறார் என்று பார்க்க டிரைவருக்கு ஆசை. துணி காயப்போட்ட பிறகு மழை வந்தால், மழையும் வேணும்னேதான். ஒரு நாள் எங்கள் வீட்டுப் பூனை அவர்கள் வீட்டுப் பால் குண்டானைத் தட்டிவிட்டது. அம்மா ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார்.

"நீ இன்னாத்துக்கு ஸ்ரீதேவி மன்னிப்பு கேக்கற? அது என் மூஞ்ச பாத்துக்கினே தட்டிச்சி. அதுக்கு எல்லாம் தெரியும்."

பூனையோடு நான்கு நாள் அவர் பேசவில்லை. அதற்கு முன்னால் தினமும் பேசுவார்.

வேணும்னே என்றால் தெரிந்தே, மனசு வைத்தே செய்தது என்று பொருள். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் தெலுங்கு பேசுபவர்கள் இதையே 'காவாலனே' என்பார்கள். இரண்டு மொழியிலும் 'வேண்டும்' என்பதிலிருந்துதான் அந்தச் சொல் வருகிறது. வேண்டும் என்று விரும்பிச் செய்தது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நல்ல சொல்தான். ஆனால் "அவ வேணும்னே எனக்கு சோறு போட்டா" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. நம் காலை ஒருவர் மிதித்தால்தான் வேணும்னே. நாம் மிதித்துவிட்டால் அது வேறு. அப்போது "அந்த எண்ணத்துல பண்ணலைங்க" என்கிறோம்.

இதையெல்லாம் நான் யோசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் "உன் எண்ணம்தான் இன்னாம்மா?" என்று கேட்கிறார்கள். பதில் இல்லாததால் அந்தச் சொல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அத்தை வீட்டில் கல்யாணம் வந்தது.

ஜெயம்மா அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டிலேயே ராட்டினம் வைத்துத் தறிக்கூடத்துக்குத் தார் சுற்றுகிறார். அதாவது, பெரிய கண்டில் இருக்கும் நூலை தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகிற சின்னக் குழல்களில் சுற்றித் தருவது. அவருடைய கணவர் பாலசுந்தரம் மாமா அதே கூடத்தில் நான்கு பவர்லூம்களைப் பார்த்துக்கொள்கிறார். முப்பது வருடமாகத் தறிச் சத்தத்தில் நின்று நின்று மாமாவுக்குக் காது மந்தம். "மந்தமெல்லாம் ஒண்ணும் இல்ல, வேணும்னே கேக்காத மாதிரி கீறாரு" என்பார் அத்தை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று தெருவில் பலர் நம்புகிறார்கள். ஏனென்றால் "டீ" என்று யாராவது முணுமுணுத்தால் மாமா திரும்பிப் பார்ப்பார்.

அத்தைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவானாலும் பெண்கள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டுப் பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை கொடுத்து, வாயால் அழைக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராவது போக வேண்டும். வீடு பூட்டியிருந்தால் வாசல் நிலையில் பொட்டு வைத்துவிட்டு வந்தால் போதும், அழைத்ததாகத்தான் கணக்கு. பொட்டு வைக்காமல் ஆயிரம் போன் செய்தாலும் அது அழைப்பு இல்லை. யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் பொட்டு வைக்கப் போகும்போது அத்தையைக் கூட்டிப் போவார்கள். எந்தத் தெருவில் எந்தச் சொந்தக்காரர், யார் வீடு மாறினார், எந்த மருமகள் தனிக்குடித்தனம் போனாள், எல்லாம் அவர் தலையில் இருக்கும். இருபது வருடத்தில் அவர் ஒரு வீட்டைக்கூட விட்டதில்லை. விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவரையே ஒரு முறை விட்டுவிட்டார்கள்.

விட்டது வேறு யாரும் இல்லை. கூடப்பிறந்த தங்கை தேவசேனா.

தேவசேனா வடமாலபேட்டையில் இருக்கிறார். திருப்பதி போகும் வழியில், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அத்தையின் மகள் சந்தியா அக்கா திருப்பதியில் டிகிரி படித்த மூன்று வருடமும் அந்தச் சின்னம்மா வீட்டில்தான் தங்கினார். அப்போது அது வாடகை வீடு. நான்கு வருடத்துக்கு முன் தேவசேனா சொந்தமாக ஒரு வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் முன்னால் போன் செய்து, "அக்கா, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம், வந்துடு" என்றார். வாட்ஸ்அப்பில் பத்திரிகையும் வந்தது. ஆனால் பொட்டு வைக்க ஆள் வரவில்லை.

அத்தை ஒன்பது நாள் காத்திருந்தார். வீட்டைப் பூட்டாமல் காத்திருந்தார். கடைக்குப் போனாலும் மாமாவை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போனார். பத்தாவது நாள் தீர்ப்பு வந்தது.

"வேணும்னே பண்ணிட்டா. சொந்த வூடு வந்துட்ச்சி இல்ல."

அவர் போகவில்லை. சந்தியா அக்கா மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அதற்காக அவரோடு பத்து நாள் பேச்சு இல்லை. தேவசேனா இரண்டு முறை போன் செய்தார், அத்தை எடுக்கவில்லை. பிறகு அவரும் நிறுத்திவிட்டார். நான்கு வருடம் ஓடிவிட்டது. பூனைக்கு நான்கு நாள், தங்கைக்கு நான்கு வருடம்.

இப்போது சந்தியா அக்காவுக்கு இருபத்தைந்து வயது. வரதய்யபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை சாய்குமார், குடிபாலாக்காரர். ஜூன் மாதம் திருப்பதியில் கல்யாணம் என்று முடிவானது. அத்தை குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த முறை சொந்த வேலை என்பதால் நடையில் ஒரு வேகம் கூடியிருந்தது. நகரி முடிந்தது, குடிபாலா பக்கத்துச் சொந்தங்கள் முடிந்தன. பட்டியலில் ஒரு பேர் மட்டும் ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தியா அக்கா லீவில் வந்திருந்தபோது கேட்டுவிட்டார்.

"சின்னம்மாவ எப்ப கூப்புடப் போற?"

"பத்திரிகை கொரியர்ல போவுது."

"கொரியரா? போன்ல கூப்புட்டா அது கூப்புட்டதே இல்லன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரியறவ நீ."

"அவ மட்டும் அன்னிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பலயா? வேணும்னே தான அனுப்பினா?"

"யம்மா, எனக்கு அதெல்லாம் தெரியாது. மூணு வருசம் எனக்கு சோறு கட்டிக் குடுத்தது அவங்க. ஜொரம் வந்தப்ப ஆஸ்பத்திரியில உக்காந்துக்கினு இருந்தது அவங்க. சின்னம்மா வரலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன். மண்டபத்துக்கு வருவேன். பந்தியில உக்காந்து துன்னுவேன். போயிடுவேன்."

அதுவரை எதுவும் கேட்காதவர் போலப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கினார்.

"உன் நைனா எனக்கும் பக்கத்துல ஒரு எலை போடச் சொல்லு."

அத்தை ஒருவரையும் பார்க்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் அக்கா சொன்னது விளையாட்டு இல்லை என்று அவருக்குத் தெரியும். அக்கா சின்ன வயதில் ஒரு கம்மலுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த பெண்.

செவ்வாய்க்கிழமை அத்தை என் அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டார். "வடமாலபேட்டை போய் வந்துடலாம் ஸ்ரீதேவி." அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் மணியைப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டே முக்கால்.

"ஏன்க்கா, அவங்க வேலைக்குப் போய் இருக்க மாட்டாங்க?"

"இருந்தா இருக்கட்டும், போனா போவட்டும். நம்ம கடமைய நாம செய்யறோம்."

தேவசேனா மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை செய்கிறார். சீசன் வந்துவிட்டால் காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஏற்றிப் போகும், சாயங்காலம் ஐந்தரைக்குக் கொண்டுவந்து விடும். கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இது அத்தைக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான்கு வருடமாகப் பேசாவிட்டாலும் தங்கை வீட்டு வேன் எத்தனை மணிக்கு வருகிறது என்பது வரைக்கும் சந்தியா அக்காவிடம் ஜாடையாகக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. அத்தை முதல்முறையாக அந்த வீட்டைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாராம். ஜன்னலுக்கு அடித்த பச்சை, வாசலில் வைத்த துளசித் தொட்டி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "பரவால்ல" என்றாராம். யாருக்குப் பரவாயில்லை என்று அம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு சிமிழைத் திறந்து, மோதிர விரலால் நிலையில் ஒரு பொட்டு வைத்தார். வட்டமாக, அழகாக வைத்தார். பத்திரிகையையும் வெற்றிலை பாக்கையும் கதவுக் கம்பியில் செருகினார்.

பக்கத்து வீட்டில் தையல் மிஷின் நின்றது. ஜமீலா என்பவர் வெளியே வந்தார். தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்.

"தேவசேனா அக்காவோட அக்காவா? மொகத்த பாத்தாலே தெரியுது. கூர்ச்சோ அக்கா, உக்காரு. டீ போடறேன். சாயங்காலம் வந்துடுவாங்க. நான் போன் பண்ணா பர்மிஷன் போட்டுக்கினு இப்பவே வந்துடுவாங்க."

"வேணாம்மா. பஸ்ஸுக்கு நேரமாய்ச்சி."

"பஸ்ஸு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு போவுதே அக்கா!"

அப்போது அம்மா ஒன்றைக் கவனித்தார். அத்தை தன் கட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு துணிக்கடைக் கவரைப் பாதி வெளியே எடுத்தார். ஜமீலாவைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டார். திரும்பி வரும் வழி முழுக்கப் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

"கடமை முடிஞ்சிட்ச்சி" என்று புத்தூரில் ஒரு முறையும் நகரியில் ஒரு முறையும் சொன்னாராம். அம்மா எதுவும் கேட்காமலே.

மறுநாள் சந்தியா அக்கா வந்துவிட்டார், மீதி துணிமணி எடுப்பதற்காக லீவு போட்டிருந்தார். மதியம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கரண்ட் இல்லை, தறிகள் எல்லாம் நின்றிருந்தன. அப்படிப்பட்ட நேரங்களில்தான் எங்கள் தெருவில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். அக்காவின் போன் அடித்தது. தேவசேனா. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"சின்னம்மா! அம்மா வந்துச்சாமே!"

"வந்தா, வந்தா. பொட்டு வெச்சிட்டுப் போயிருக்கா. எங்க வூட்டு நிலைக்கு."

"நீங்க வேலைக்குப் போயிருந்தீங்களாம் சின்னம்மா, அதான்..."

"ஆமா, போயிருந்தேன். நான் எப்ப போறேன், எப்ப வரேன்னு உன்னாண்ட யார் கேட்டாங்க? போன வாரம் நீதான சொன்ன, 'அம்மா வேன் டைமெல்லாம் கேக்குது சின்னம்மா'ன்னு. நான் கூட, வருவா போல கீதுன்னு ரெண்டு நாளு சீக்கிரம் வந்தேன். பொட்டு வாங்கினது நிலை. கல்யாணத்துக்கு அதைக் கழட்டி லாரியில ஏத்தி அனுப்பறேன். முதல் வரிசையில நிக்க வெச்சிக்கோங்க. நான் எதுக்கு?"

போன் வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சந்தியா அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"யம்மா. வேணும்னே தான பண்ண?"

அந்தச் சொல் அந்த வீட்டில் ஒரு நாளைக்கு இருபது முறை கேட்கும். ஆனால் அத்தையைப் பார்த்து யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் தார் சுற்றுகிற ராட்டினத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் எண்ணம் அது இல்லடி."

"பின்ன இன்னா எண்ணம்?"

"கடமை..."

"ரெண்டு மணிக்கா கடமை? பர்மிஷன்ல வரேன்னு சொன்னா உக்காந்து இருக்க மாட்டியா? யாராவது அவங்க வூட்டு கல்யாணத்துக்கு இப்படி நாம இல்லாத நேரமா பாத்து நம்ம நிலையில பொட்டு வெச்சிட்டுப் போனா நீ இன்னா சொல்லுவ? நீயே சொல்லு."

அத்தை என்ன சொல்வார் என்பது தெருவுக்கே தெரியும்.

அக்கா கோபத்தில் துணிகளை எடுத்து வைக்கக் கட்டைப் பையைத் தேடி எடுத்து உதறினார். அதற்குள் இருந்து அந்தக் கவர் விழுந்தது. உள்ளே ஒரு புடவை. மாந்தளிர் நிறம், பச்சைக் கரை. அக்கா அதைப் பிரித்துப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

அத்தை ராட்டினத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சின்னம்மாவுக்கா?"

அவர் ராட்டினத்தில் ஒட்டியிருந்த நூலைப் பிய்க்க ஆரம்பித்தார்.

"அவங்க இருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சிதான போன. அப்புறம் பொடவைய எதுக்கு எடுத்துக்கினு போன? நிலைக்கு கட்டவா?"

அத்தை நூலைப் பிய்த்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஒருவேளை... அவ லீவு போட்டுட்டு வூட்ல இருந்தான்னா?"

சந்தியா அக்காவின் கோபம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எனக்கும் ஏதோ மாதிரி ஆகிவிட்டது. ஒரு காரியத்துக்குப் பின்னால் ஒரு எண்ணம்தான் இருக்கும், நல்லதோ கெட்டதோ, அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதச் சொல்வார்கள், 'நோக்கம்' என்று தலைப்புப் போட்டு ஒரே ஒரு வரி. ஆனால் அத்தையின் பையில் ஒரே நேரத்தில் பூட்டிய வீட்டுக்கான குங்குமமும் திறந்த வீட்டுக்கான புடவையும் இருந்திருக்கின்றன. இரண்டையும் அவரேதான் எடுத்து வைத்திருக்கிறார். எது வேணும்னே, எது வேணும்னே இல்லை என்று அவரையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. உங்களைக் கேட்டால் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

மாமா எழுந்து வந்து, மடிந்து கிடந்த புடவையை எடுத்து உதறி, ஒழுங்காக மடித்துக் கவரில் போட்டார்.

"நாலு மணி பஸ்ஸுல போனா வேனுக்கு முன்னால போயிடலாம்" என்றார். அவர் காதில் எல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் நடந்ததை நான் பார்க்கவில்லை. சந்தியா அக்கா நடித்துக் காட்டினார், இரண்டு முறை. இரண்டாவது முறை இன்னும் நன்றாக இருந்தது.

அத்தையும் சந்தியா அக்காவும் போய் அந்த வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்கள். ஜமீலா டீ கொடுத்தார், இந்த முறை அத்தை குடித்தார். நிலையில் முந்தின நாள் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. அத்தை அதைப் பார்க்காதபடி முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். ஐந்தரைக்கு வேன் வந்தது. தேவசேனா இறங்கினார். கை, புடவை எல்லாம் மாம்பழ வாசனை. படியில் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பார்த்தார். தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே போனார். கை கால் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

"உள்ள கூப்புட மாட்டா போல கீது" என்றார் அத்தை மகளிடம். எழுந்துகொள்ளவும் இல்லை.

தேவசேனா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நேத்துதான வந்த. நிலையாண்ட எதனா சொல்ல மறந்துட்டியா?"

"நேத்து நான் வந்தது தப்பு."

இப்படி ஒரு வாக்கியம் தன் அம்மா வாயிலிருந்து வந்து தான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை என்று சந்தியா அக்கா சத்தியம் செய்கிறார்.

அத்தை எழுந்தார். சிமிழைத் திறந்து, விரலைத் தொட்டு, தங்கையின் நெற்றியை நோக்கிக் கையை நீட்டினார். தேவசேனா சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். விரல் காற்றில் நின்றது.

"எனக்கு வாணாம்."

கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். பெண் பக்கத்திலேயே நிற்கிறாள், மணையில் உட்கார மாட்டேன் என்று சொன்ன பெண். பொட்டை மறுத்தால் அழைப்பை மறுத்தது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"வாணாம்னா... வர மாட்டியா?"

"பொட்டு வாணாம்னேன். வரலைன்னு எங்க சொன்னேன்?" தேவசேனாவின் குரல் ஏறிவிட்டது. "வெளி ஆளுங்களுக்குத்தான் பொட்டு வெச்சிக் கூப்புடறது. நான் யாரு? பொண்ணோட சின்னம்மா. அம்மா செத்ததுக்கு அப்புறம் நீதான எனக்கு அம்மா வூடு. உன்னை நான் பொட்டு வெச்சிக் கூப்புடணுமா? நான் கிரகப்பிரவேசம் வெச்சப்ப, அக்கா ரெண்டு நாளு முன்னாலயே வந்துடுவா, அவளுக்குத்தான எல்லா வூடும் தெரியும், அவளோட போய் நாலு பேருக்குப் பொட்டு வெக்கலாம்னு காத்துக்கினு கெடந்தேன். நீ வரவே இல்ல. கடைசியில ஜமீலாவ கூட்டிக்கினு போயி பாதி வூட்ட விட்டுட்டேன். இன்னிக்கு வரைக்கும் திட்டறாங்க."

அத்தை சிமிழை மூடினார்.

"இத நீ சொல்லி இருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"எடுத்தாதான சொல்றது? ரெண்டு வாட்டி போன் அடிச்சேன்!"

"மூணாவது வாட்டி அடிச்சி இருந்தா எடுத்து இருப்பேன்!"

"நீ வேணும்னே எடுக்கலைன்னு நெனச்சேன்!"

"வேணும்னே தான்டி எடுக்கல!"

ஜமீலா மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை முடிந்ததா இன்னும் நடக்கிறதா என்று அவருக்குப் புரியவில்லையாம். சந்தியா அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் திட்டிக்கொண்டே சின்னம்மா அத்தையின் கையிலிருந்து பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அத்தையும் திட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

புடவையைப் பார்த்துவிட்டு தேவசேனா, "கரை கொஞ்சம் பெருசு" என்றார். "உனக்குப் பெரிய கரைதான் எடுப்பா இருக்கும்" என்றார் அத்தை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. கட்டிக்கொண்டு வந்து நின்றபோது எடுப்பாகத்தான் இருந்ததாம்.

"இன்னும் எத்தனை வூடு பாக்கி?"

"புத்தூர்ல மூணு. இங்க உங்க ஊர்ல ஒண்ணே ஒண்ணு, நம்ம கோவர்த்தனன் மாமா வூடு. நாளைக்கு..."

"நாளைக்கு இன்னாத்துக்கு? ரெண்டு தெரு தாண்டி. எழுந்திரு. அந்த சிமிழ இங்க குடு."

"சிமிழ் என்னாண்ட இருக்கட்டும். உனக்கு வட்டமா வெக்க வராது."

"நாலு வருசத்துல கத்துக்கினேன்."

சந்தியா அக்கா பின்னால் போனார். வழி முழுக்க இருவரும் சிமிழுக்கும் பத்திரிகைக் கட்டுக்கும் இழுத்துக்கொண்டே போனார்கள். யார் பொட்டு வைப்பது, யார் வெற்றிலை கொடுப்பது என்று கோவர்த்தனன் மாமா வீட்டு வாசல் வரைக்கும் முடிவாகவில்லை. கல்யாணப் பெண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவுக்கு அது பிடித்திருந்தது.

கோவர்த்தனன் மாமாவின் மனைவி கதவைத் திறந்தார். அத்தை முந்திக்கொண்டு அவர் நெற்றியில் பொட்டு வைத்தார். அவர் வெற்றிலைக்குக் கை நீட்டுவதற்குள் தேவசேனாவும் சிமிழில் விரலை விட்டு, அதன் மேலேயே இன்னொன்று வைத்துவிட்டார். அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று அவருக்குத் தெரியும். பிறகு பின்னால் நிற்கும் சந்தியா அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னாம்மா, உனக்கு ரெண்டு கல்யாணமா?"